தீவனப் பயிர்ப் பூச்சிகளை ஆய்வுக்கு வளர்ப்பது: வயலில் பிடிப்பதா, இலை போடுவதா, செயற்கை உணவா?

வேலூர் பக்கத்துப் பொய்கைச் செவ்வாய்ச் சந்தையில் கறவை மாடு வாங்குகிறவர்களுக்கு அடுத்த கவலை தீவனம். கம்பு நேப்பியர், தீவனச் சோளம், ஆப்பிரிக்கன் டால் மக்காச்சோளம், வேலிமசால், தட்டைப்பயறு என்று அணைக்கட்டிலிருந்து குடியாத்தம் வரை கிணற்றுப் பாசனத்தில் தீவனம் நிற்கிறது. அதில் விழும் பூச்சிக்கு மற்ற பயிருக்கு அடிப்பதுபோல மருந்து அடிக்க முடியாது. இன்று அடித்தது சில நாளில் மாட்டின் வாய்க்குப் போகும், பிறகு பாலுக்கு வரும். அதனால்தான் எதிர்ப்புத்திறன் உள்ள ரகம், பூஞ்சணம், வைரஸ், ஒட்டுண்ணி என்று மருந்தில்லா வழிகளைத் தேடும் ஆய்வுக்குத் தீவனப் பயிரில் மதிப்பு அதிகம். அந்த ஆய்வுக்கு முதல் தேவை, ஒரே வயதுள்ள, நோயில்லாத பூச்சிகள். அவை எந்த வயலிலிருந்து வந்தன என்பது தெரிந்திருக்க வேண்டும். கேட்ட நாளில் கேட்ட எண்ணிக்கையில் கிடைக்கவும் வேண்டும்.

கல்லூரி ஆய்வகமோ, சிறிய ஆராய்ச்சி நிலையமோ, இந்தப் பகுதியில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. தேவைப்படும்போது வயலில் பிடித்து வரலாம். பிடித்ததை இலை போட்டு வளர்க்கலாம். செயற்கை உணவில் தலைமுறை தலைமுறையாகக் கல்ச்சர், அதாவது ஆய்வகத்திலேயே தொடர்ந்து பெருகும் பூச்சித் தொகுதி, வைத்துக்கொள்ளலாம். செலவை வைத்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். எங்கள் கருத்தில் செலவு மூன்றாவது கேள்விதான். எந்தப் பூச்சி, அதை வைத்து எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்ற இரண்டும் தெளிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

வயலில் பிடிப்பது எப்போது போதும்

ஒட்டுண்ணிக் கணக்கெடுப்புக்கு வயல் சேகரிப்பைத் தவிர வேறு வழியே இல்லை. மக்காச்சோளப் படைப்புழுவை எத்தனை குளவிகள், எத்தனை ஈக்கள் தாக்குகின்றன என்று பார்க்க வேண்டுமானால், வயலில் முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றையும் தனித்தனியாக எடுத்துவந்து, எது வெளியே வருகிறது என்று காத்திருக்க வேண்டும். பூச்சிக்கொல்லிக்கு வயலில் எதிர்ப்பு வளர்ந்திருக்கிறதா என்ற ஆய்வுக்கும் வயலிலிருந்து எடுத்ததன் முதல் தலைமுறைதான் சரி. ஆய்வகத்தில் பல தலைமுறை மருந்தைப் பார்க்காமல் வளர்ந்த புழு இளகிப்போய்விடும். அதன் விடை வயலுக்குப் பொருந்தாது.

குருத்து ஈ இன்னொரு உதாரணம். தீவனச் சோளத்தில் முளைத்த முதல் மாதத்துக்குள் நடுக்குருத்தைக் காய வைக்கும் இந்த ஈயைக் கூண்டில் பல தலைமுறை வளர்க்க முயல்வது வீண் உழைப்பு. புழு தின்பது அழுகும் நடுக்குருத்தின் உள்ளே. செயற்கை உணவு எளிதில் ஒத்துவராது; நாற்றும் தினமும் புதிதாக வேண்டும். அதைவிட ஈயை ஆய்வு வயலுக்கே வரவழைப்பது எளிது. ஐதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறையில், எளிதில் தாக்குதலுக்கு ஆளாகும் சோள ரகத்தை 4 வரிசை வீதம் இடையிடையே 20 நாள் முன்பே விதைத்து, ஒரு வாரப் பயிரில் கருவாட்டுத் தூளை ஈரமாக்கித் தூவுவார்கள். நாற்றத்துக்கு வந்த ஈ அந்த வரிசைகளில் பெருகி, பின்னால் விதைத்த ஆய்வு வரிசைகளில் ஒரே சீராக விழும். கருவாட்டுத் தூளை நாயும் காக்கையும் கிளறும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்ற எல்லா ஆய்வுக்கும் வயல் புழுவை நேராகப் பயன்படுத்துவது ஆபத்து. நலமாகத் தெரியும் மூன்றாம் நிலைப் புழுவுக்குள் (புழு தோலுரித்து வளரும் ஒவ்வொரு கட்டமும் ஒரு நிலை) குளவியின் முட்டை இருக்கும். நாலாம் நாள் செத்தால் நீங்கள் கொடுத்த பூஞ்சணம் கொன்றதா, குளவி கொன்றதா என்று சொல்ல முடியாது. மழை விட்டதும் ஈரமான நாட்களில் பிடித்த புழுக்களில் மெட்டாரைசியம் ரைலேயி பூஞ்சணம் ஏறியிருக்கும். ஆய்வகத்துக்கு வந்த பிறகு விறைத்து வெள்ளையாகி, பிறகு வெளிர்பச்சைத் தூள் பூக்கும். புழுவின் வயதும் ஊகம்தான். பக்கத்து வயல்காரர் போன வாரம் என்ன அடித்தார் என்பதும் ஊகம்தான்.

இலை போட்டு வளர்ப்பது: கைச்செலவு குறைவு, ஆள் செலவு அதிகம்

இனி பெரும்பாலும் மக்காச்சோளப் படைப்புழுவை வைத்தே பேசலாம். 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் முதலில் அறியப்பட்டு அதே ஆண்டு தமிழ்நாட்டுக்குள் பரவிய இந்தப் புழுவை இன்று தீவன மக்காச்சோளத்திலும் சோளத்திலும் தேட வேண்டியதில்லை. தலையில் தலைகீழான 'ஒய்' வடிவக் கோடும், வால் பக்கத்து எட்டாம் வயிற்றுக் கண்டத்தில் சதுரமாக நாலு கரும்புள்ளியும் இருந்தால் அது படைப்புழு. கல்ச்சர் தொடங்கும்போது இதைப் பார்க்காமல் விட்டால் புகையிலைப் புழுவான புரோடீனியாவையோ பச்சைக் காய்ப்புழுவையோ கலந்து வளர்த்துவிட்டு, அந்து (புழு வளர்ந்து ஆகும் பறக்கும் பூச்சி) வெளிவரும் நாளில்தான் தெரியும்.

இலை வளர்ப்பின் பெரிய பலம், புழு வயலில் தின்பதையே இங்கும் தின்கிறது என்பது. ரக எதிர்ப்புத்திறன் சோதனை, இலையில் தெளித்த நுண்ணுயிரி சோதனை, வளர்ச்சி நாள் ஒப்பீடு ஆகியவற்றுக்கு இது முக்கியம். செலவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் இலை தினமும் வேண்டும். கடைசி இரண்டு நிலைகளில் புழு மொத்தத் தீனியின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். 200 புழு ஒரே நேரத்தில் ஐந்தாம் நிலைக்கு வந்தால், வாரத் தொடக்கத்தில் மீந்த இலை வாரக் கடைசியில் பற்றாது.

அதற்கு ஒரு சென்ட் அளவுக்குச் சொந்த இலைப் பாத்தி வேண்டும். ஆப்பிரிக்கன் டால் மக்காச்சோளத்தை 10 நாளுக்கு ஒரு தரம் நாலு பாத்தியாகப் பிரித்து விதைத்தால், 15 முதல் 30 நாள் வயதுள்ள இலை எப்போதும் கிடைக்கும். விதை வாங்கும்போது மருந்து பூசாத விதை என்று கேட்டு வாங்குங்கள். படைப்புழுவுக்காகவே சயன்ட்ரனிலிபுரோல், தயாமீதாக்சம் கலந்து பூசிய விதை கடைகளில் இருக்கிறது; அது முளைத்து இரண்டு மூன்று வாரம் வரை இலையிலேயே மருந்து ஓடும். அந்த இலையைப் போட்டால் சிறு புழுக்கள் ஒரே இரவில் சுருண்டு கிடக்கும். 'இலையைக் கழுவித்தானே போட்டோம்' என்று குழம்புவார்கள். பயிருக்குள் ஊடுருவிய மருந்தைத் தண்ணீர் எப்படிக் கழுவும்? பக்கத்து வயலிலிருந்து காற்றில் வரும் தெளிப்பும் இதே வேலையைச் செய்யும். பாத்தியின் ஓரத்து இரண்டு வரிசையைத் தீனிக்கு எடுக்காமல் விடுவது நல்லது.

இலையை வெட்டி வந்ததும் 0.05 சத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 5 நிமிடம் மூழ்க வைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் முழுக்க உலர்த்த வேண்டும். 4 சதம் என்று எழுதிய பிளீச் திரவம் கையில் இருந்தால் 12.5 மில்லியை எடுத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் இந்த அளவு வரும். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் அடியில் நீர் தேங்கி எச்சம் கூழாகும். அந்தக் கூழில்தான் பாக்டீரியா நோய் தொடங்கும். அடியில் ஒரு டிஷ்யூ தாள், அதன்மேல் இலை, தினமும் இரண்டையும் மாற்றுதல் என்பதுதான் நடைமுறை.

இனித்தான் முக்கியமான கேள்வி: ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்? பொங்கல் விடுமுறையில், ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியும் வள்ளிமலையும் நிறைந்து ஊரே கிளம்பும் நாளில், டப்பாவைத் திறந்து இலை மாற்ற ஆள் இருக்கிறாரா? மூன்றாம் நிலைக்கு மேல் படைப்புழு தன் இனத்தையே தின்னும். ஒரு நாள் இலை தீர்ந்தால் 20 புழு இருந்த டப்பாவில் மறுநாள் ஆறேழு கொழுத்த புழுக்களும் தலை ஓடுகளும் மிஞ்சும். தினமும் வர இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ள முடியாத இடத்தில் இலை வளர்ப்பை முதன்மை வழியாக எடுக்க வேண்டாம் என்றே சொல்வோம்.

செயற்கை உணவு: ஒரு நாள் சமையல், ஒரு வார நிம்மதி

இந்திய ஆய்வகங்களில் பச்சைக் காய்ப்புழுவுக்கும் புரோடீனியாவுக்கும் நெடுங்காலமாகப் பயன்படும் கொண்டைக்கடலை உணவு படைப்புழுவுக்கும் பொருந்துகிறது. அளவு இதுதான். முதல் பகுதிக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை மாவு 105 கிராம், மெத்தில் பாராஹைட்ராக்சி பென்சோயேட் 2 கிராம், சார்பிக் அமிலம் 1 கிராம், ஸ்ட்ரெப்டோமைசின் சல்பேட் 0.25 கிராம், 10 சத ஃபார்மால்டிஹைடு கரைசல் 2 மில்லி. இரண்டாம் பகுதி அகர் அகர் 12.75 கிராம். மூன்றாம் பகுதிக்கு அஸ்கார்பிக் அமிலம் 3.25 கிராம், ஈஸ்ட் மாத்திரை 25, மல்டிவைட்டமின் கேப்ஸ்யூல் 2, வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் 2. தண்ணீர் மொத்தம் 780 மில்லி.

தண்ணீரில் பாதியை, அதாவது 390 மில்லியை, முதல் பகுதியோடு மிக்சியில் விட்டு இரண்டு நிமிடம் அடிக்க வேண்டும். மீதி 390 மில்லியில் அகரைக் கொதிக்க வைத்து, துகள் தெரியாமல் கரைந்ததும் மிக்சியில் ஊற்றி இன்னொரு நிமிடம். கலவை 60 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் மூன்றாம் பகுதியைச் சேர்த்து மறுபடி ஒரு நிமிடம். சூடாக இருக்கும்போதே வைட்டமினைப் போட்டால் அஸ்கார்பிக் அமிலம் சிதைந்துவிடும். புழு உயிரோடு இருக்கும், ஆனால் கூட்டுப்புழு சிறுத்து, அந்து இறக்கை சுருங்கி வெளிவரும். ரொம்ப ஆறவிட்டாலோ அகர் மிக்சியிலேயே உறைந்துவிடும். இடையில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மூன்றாம் பகுதியை முன்கூட்டியே எடைபோட்டுப் பொடித்துத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் விற்கும் கடலை மாவை வாங்காதீர்கள். அது தோல் நீக்கிய கடலைப் பருப்பு மாவு. பட்டாணி மாவு கலந்தும் வரும். முழு வெள்ளைக் கொண்டைக்கடலையை வாங்கி, கழுவிக் காயவைத்து, இதற்கென்று தனியாக வைத்த மிக்சியில் அரைத்து, சல்லடையில் சலித்து எடுங்கள். அந்த மிக்சி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. ஃபார்மால்டிஹைடு கண்ணையும் மூச்சையும் உறுத்தும் நச்சு. சன்னல் திறந்த இடத்தில், கையுறையோடு வேலை செய்ய வேண்டும்.

ஒரு தடவை செய்தால் ஏறக்குறைய 900 கிராம் கிடைக்கும். ஒரு புழுவுக்கு 7 கிராம் என்று 30 மில்லி சாஸ் கப்பில் ஊற்றினால், சிந்தியது போக நூற்றிருபது கப் வரும். இந்தக் கப்புகள் பார்சல் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். மூடியில் குண்டூசியால் நாலைந்து துளை போட்டால் போதும். பெரிய துளை போட்டால் பொரித்த புழு நூல் விட்டு இறங்கி ஓடிவிடும். உணவு அறை வெப்பத்துக்கு ஆறி, மேலே வியர்வை நீங்கிய பிறகுதான் மூட வேண்டும். அவசரப்பட்டு மூடியவர்கள் மறுநாள் காண்பது மூடியில் நீர்த்துளியும் அதில் மூழ்கிய இளம்புழுவும்தான்.

பொரித்த புழுவை மயிர்த்தூரிகையால், ஒன்றாம் எண் தூரிகை போதும், தொட்டு எடுத்து வைக்க வேண்டும். முதல் ஐந்தாறு நாள் ஒரு பெரிய டப்பாவில் இளம் மக்காச்சோள இலையில் கூட்டமாக வளர்த்து, மூன்றாம் நிலை தொடங்கும்போது கப்புக்கு ஒன்றாக மாற்றுவது எங்கள் பரிந்துரை. பொரித்ததுமே செயற்கை உணவில் விட்டால் ஒரு பகுதி தின்னாமல் அலைந்து சாகும். வயலிலிருந்து வந்த முதல் இரண்டு தலைமுறையில் இந்த இழப்பு கூடுதலாக இருக்கும். காய்ந்த மக்காச்சோள இலைத் தூளைக் கொஞ்சம் உணவில் சேர்ப்பவர்களும் உண்டு. அது பழக்கத்துக்கு உதவும்.

தனிக் கப்பில் ஒரு புழு என்றால் ஒன்றையொன்று தின்னும் சிக்கல் தீர்ந்தது. கப்பைத் திறக்காமல் நாலைந்து நாள் விடலாம். புழு அந்தக் கப்பிலேயே கூட்டுப்புழுவாகும். ஒருவர் ஒரு நாள் சமைத்து ஊற்றினால், அந்த வாரம் முழுக்கத் தினம் அரை மணி நேரப் பார்வை போதும். ஆள் குறைந்த ஆய்வகத்துக்கு இதைவிடப் பெரிய சாதகம் இல்லை.

முட்டை முதல் முட்டை வரை

கூட்டுப்புழு ஆகி இரண்டு நாள் கழித்து, தோல் கெட்டியானதும் எடுக்க வேண்டும். முன்னால் தொட்டால் கசிந்து சாகும். வயிற்றுப் பக்கத்தை லென்ஸில் பார்த்தால் பால் பிரிக்கலாம்: பெண்ணுக்கு இனப்பெருக்கத் துளை எட்டாம் கண்டத்தில், ஆணுக்கு ஒன்பதில், அதாவது மலத்துளைக்குப் பக்கத்தில். ஒரு அடி கன அளவுள்ள கூண்டில் 10 முதல் 15 ஜோடி. 10 சத தேன் கரைசலில் நனைத்த பஞ்சைத் தினமும் மாற்ற வேண்டும். ஒரு நாள் விட்டால் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். முட்டையிட அரளிக் கிளையையோ, மடித்துத் தொங்கவிட்ட பட்டர் பேப்பரையோ வைக்கலாம். தாளில் இட்டதை எண்ணவும் கழுவவும் எளிது என்பதால் நாங்கள் தாள் பக்கம்.

ஒரு பெண் அந்து 1,000 முட்டைக்கு மேல் இடக்கூடியது. இதை மனதில் வைத்துக் கணக்குப் போட்டால், வாரம் 500 புழு வேண்டிய ஆய்வுக்குக்கூட ஒரு கூண்டு அந்து தாராளம். எண்ணிக்கை பற்றாது என்ற பயத்தில் கிடைத்த முட்டையை எல்லாம் பொரிக்கவிடுவதுதான் கல்ச்சரைக் கெடுக்கும் முதல் காரணம். நெருக்கடி கூடினால் நோய் வரும். தேவையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வைக்காதீர்கள்; மிச்ச முட்டையை உறைபெட்டியில் போட்டு அழித்துவிடுங்கள்.

முட்டைக் குவியல் உள்ள தாளை வெட்டி, மேலே சொன்ன அதே 0.05 சத ஹைப்போகுளோரைட்டில் 5 நிமிடம் வைத்து, அலசி, உலர்த்திப் பொரிக்க விடுவதை ஒரு தலைமுறைகூடத் தவற விடக் கூடாது. முட்டைமேல் ஒட்டிவரும் வைரஸ் இந்த இடத்தில்தான் தடுக்கப்படுகிறது.

அந்துக் கூண்டைத் திறக்கும்போது பறக்கும் செதில்கள் சாதாரணத் தூசு அல்ல. மாதக்கணக்கில் சுவாசித்தால் மூச்சிரைப்பும் கண் அரிப்பும் வரும். என்95 முகக்கவசம் போட்டு, வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்; விளக்குமாறு போட்டுக் கூட்டக் கூடாது.

வேலூர் வெயிலும் வைரஸும்

மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டுவது வேலூரில் வழக்கம். படைப்புழுவுக்கு ஏற்றது 26 முதல் 28 பாகை, ஈரப்பதம் 65 முதல் 70 சதம். வெப்பம் 35ஐத் தாண்டி நீடித்தால் புழு வேகமாக வளர்வதுபோலத் தோன்றும். ஆனால் ஆண் அந்துக்களின் திறன் குறைந்து, முட்டை நிறைய விழுந்தும் பொரிக்காது. அதனால் ஏசி அறையோ, உள்ளே வெப்பத்தைச் சீராக வைக்கும் பி.ஓ.டி. இன்குபேட்டர் பெட்டியோ இல்லாமல் மார்ச் முதல் ஜூன் வரை இங்கே கல்ச்சர் வைப்பது நடக்காத காரியம். ஈரச் சாக்கும் மண்பானையும் வைத்துக் குளிர்விப்பது காய்ந்த காற்றுள்ள சித்திரையில் சில பாகை இறக்கும். ஆனால் மூடிய அறையில் ஈரப்பதத்தை ஏற்றிப் பூஞ்சையையும் வளர்க்கும். அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இன்குபேட்டரை நிறைய நிறைய அடுக்கக் கூடாது. காற்று ஓடாமல் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் மூன்று நாலு பாகை வித்தியாசம் வரும், புழுக்களின் வயது பிரிந்துபோகும். உள்ளே தனியாக ஒரு அதிகபட்ச–குறைந்தபட்ச வெப்பமானி வையுங்கள். முகப்பில் ஒளிரும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மின்தடைக்கு உறைபெட்டியில் எப்போதும் நாலு தண்ணீர் பாட்டில் உறைந்த நிலையில் இருக்கட்டும். மின்சாரம் போனதும் இரண்டைத் துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்துக் கதவை மூடினால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும்.

புழுக்களைக் கொல்லும் என்.பி.வி. வைரஸ் வந்தால் புழு மந்தமாகி, மேலே ஏறி, தலைகீழாகத் தொங்கி, தொட்டால் உடைந்து வெண்பழுப்பு நீர் வடியும். அந்த நீர் பட்ட தூரிகையால் அடுத்த கப்பைத் தொட்டவுடன் அதுவும் போயிற்று. ஆன்டிபயாட்டிக் வைரஸை எதுவும் செய்யாது. அந்தத் தொகுதியை முழுதாக உறைபெட்டியில் போட்டு, பிறகு ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) வேகவைத்து, மேசையையும் தட்டையும் 0.5 சத ஹைப்போகுளோரைட்டில் துடைக்க வேண்டும். நோய்ப்பட்டதைப் பிரித்து நல்லதை வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசையில்தான் பல கல்ச்சர்கள் முழுக்கப் போகின்றன. தினசரி வேலையின் வரிசையும் தற்காப்புதான்: முதலில் முட்டை, பிறகு இளம்புழு, பிறகு பெரிய புழு, அந்து, கடைசியில் கழிவு. இந்த வரிசையில் அன்று பின்னோக்கிப் போகக் கூடாது. முட்டையில் ஒரு பகுதியை வேறொரு கட்டடத்தில் இன்னொருவர் பொறுப்பில் எப்போதும் வைத்திருப்பது விலையில்லாத காப்பீடு.

எந்த விடைக்கு எந்தப் புழு

செயற்கை உணவுக்குச் சாதகமாக இவ்வளவு சொன்னாலும், அதில் வளர்த்த புழுவின் விடையை எல்லா இடத்திலும் நம்ப முடியாது. உணவில் உள்ள ஃபார்மால்டிஹைடும் சார்பிக் அமிலமும் ஸ்ட்ரெப்டோமைசினும் நுண்ணுயிரியைத் தடுக்கவே சேர்க்கப்பட்டவை. அதே உணவின்மேல் வைரஸையோ பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவையோ தடவி, 'வீரியம் குறைவு' என்று எழுதுவது தவறான முடிவாகிவிடும். அந்தச் சோதனைக்கு ஃபார்மால்டிஹைடும் ஸ்ட்ரெப்டோமைசினும் இல்லாத உணவைத் தனியாகச் செய்யுங்கள், அல்லது இலையில் நடத்துங்கள். புழுவின் குடல் நுண்ணுயிரிகளைப் பற்றிய ஆய்வுக்கு இந்த உணவு அறவே ஆகாது.

ரகச் சோதனைக்கு நாங்கள் சொல்வது கலப்பு வழி. மூலக் கல்ச்சர் செயற்கை உணவில், தனிக் கப்பில், சிறிய எண்ணிக்கையில் ஓடட்டும். சோதனைக்கு வேண்டிய தலைமுறையை மட்டும் முட்டையிலிருந்து இலையில் வளர்த்து, அதன் குஞ்சுகளைப் பயிரில் விடுங்கள். இப்படிச் செய்தால் பெரிய புழுவுக்கான தினசரி இலை வேலை ஆண்டு முழுக்க இல்லை, சோதனைக்கு முந்தைய ஒரு மாதம் மட்டும்தான். கல்ச்சரைத் தொடங்கும்போது ஒரே வயலில் 20 புழு எடுத்துத் தொடங்காமல், காட்பாடி, கே.வி.குப்பம், ஒடுகத்தூர் என்று தள்ளித்தள்ளி உள்ள வயல்களிலிருந்து 100க்குக் குறையாமல் எடுங்கள். ஐந்தாறு தலைமுறைக்கு ஒரு தரம் புது வயல் அந்துக்களைச் சேர்க்க வேண்டும். அவற்றை நேராகக் கலக்காமல், ஒரு தலைமுறை தனி அறையில் வளர்த்து, நோயில்லை என்று பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

சோளத் தண்டுத்துளைப்பானுக்கு இந்த யோசனையே தேவையில்லை. தண்டை வெட்டிப்போட்டு வளர்த்தால் இரண்டு நாளில் காய்ந்தோ அழுகியோ போகும், உள்ளே புழு எங்கே என்று பிளந்து பார்க்க வேண்டும். சோள இலைத் தூள் கலந்த கொண்டைக்கடலை உணவு இக்ரிசாட்டில் நெடுநாள் கையாண்டு தேறியது; அதிலேயே வளர்க்கலாம். பயிரில் புழு விடும்போது இளம்புழுவைக் கசகசாவோடு கலந்து, அளவாகக் கொட்டும் கைக்கருவியால் குருத்தில் போடுவார்கள். செடிக்குச் செடி ஒரே எண்ணிக்கை விழுவதும், தூரிகையால் புழு நசுங்காததும் இதன் நன்மை.

வேர்ப்புழு வேறு கணக்கு

மேய்க்கால் புறம்போக்கின் புல்வேரையும், நிலக்கடலை, கரும்பு வேரையும் தின்னும் வெள்ளை வேர்ப்புழுவுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. இந்த வேர்ப்புழு இனங்களில் ஒன்றான ஹோலோட்ரைக்கியா செர்ரேட்டாவுக்கு ஆண்டுக்கு ஒரே தலைமுறை. கோடை மழை விழுந்த மாலையில் மண்ணிலிருந்து வண்டு வரும், வேம்பிலும் முருங்கையிலும் கூடும், இணைசேரும், மண்ணுக்குத் திரும்பி முட்டையிடும். இதைத் தலைமுறை தலைமுறையாக ஆய்வகத்தில் ஓட்ட முயன்றால், ஒரு பட்டப்படிப்புக் காலத்தில் இரண்டு தலைமுறைகூடத் தேறாது.

இதில் உண்மையான தேர்வு இரண்டுதான். முதல் மழைக்குப் பின் இரவு ஏழரை மணி வாக்கில் வேப்பங்கிளையை உலுக்கி வண்டு சேகரித்து, முட்டையிட வைத்து, ஒரே வயதுப் புழு வளர்ப்பது ஒன்று. ஆவணி, புரட்டாசியில் வயலைத் தோண்டி மூன்றாம் நிலைப் புழுவை எடுத்து நேராகச் சோதனைக்கு விடுவது இன்னொன்று. நியூசிலாந்தில் மேய்ச்சல் புல்லின் வேரைத் தின்னும் கோஸ்டலிட்ரா புழுவுக்கும் பெரும்பாலும் ஆண்டு ஒரு தலைமுறைதான். செர்ரேஷியா என்டமோஃபிலா பாக்டீரியாவைக் கொண்டு அதைக் கட்டுப்படுத்திய ஆய்வுகள் பெரும்பாலும் வயலில் தோண்டி எடுத்த புழுவைக் குழித்தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்து, கேரட் துண்டு கொடுத்துத்தான் நடந்தன. தடுப்பு முறைகளைச் சோதிக்க அந்த வழி இங்கும் போதுமானது. ஆனால் இளம்புழுவில் மருந்தளவைக் கண்டறிய வேண்டுமென்றால் வண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வண்டு வழிக்கு, அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் 15 சென்டிமீட்டர் ஆழம் சலித்த செம்மண்ணும் ஆற்று மணலும் சம அளவில் கலந்து, வேப்பிலைக் கொத்தை மேலே வைத்து 20 வண்டு விடலாம். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் சரியான ஈரம். காய்ந்தால் முட்டை சுருங்கும், நீர் கூடினால் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை மண்ணைச் சலித்து, அரிசி மணியைப்போல வெள்ளையாக உள்ள முட்டைகளைக் கரண்டியால் எடுத்து ஈரமண் கப்பில் வைக்க வேண்டும். பொரித்த புழு கப்புக்கு ஒன்று. இரண்டு சேர்ந்தால் கடித்துக் காயப்படுத்தும். காயத்தில் கறுப்பேறி சாகும். முளைகட்டிய சோளமும் கேரட் துண்டும் தீனி. கேரட்டை நாலு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் ஈக்கள் முட்டையிடும்.

குப்பைக்குழியில் கிடைத்த பெரிய வெள்ளைப் புழுக்களை வேர்ப்புழு என்று எடுத்துவருவது அடிக்கடி நடக்கும் பிழை. அங்கே பெரும்பாலும் கிடைப்பது தென்னைக் காண்டாமிருக வண்டின் புழு. கடைசிக் கண்டத்தின் அடிப்பக்க மயிர்களின் ஒழுங்கை லென்ஸில் பார்த்துத்தான் இனம் பிரிக்க வேண்டும். எருவைக் கப்பு மண்ணில் சேர்ப்பதானால் நீராவியில் வேகவைத்துச் சேர்க்கவும். பச்சை எருவோடு நூற்புழுவும் மெட்டாரைசியம் பூஞ்சணமும் வரும். செத்த புழு செங்கல் நிறமானால் ஹெட்டெரோராப்டைட்டிஸ் நூற்புழு, பச்சைத் தூள் பூத்தால் மெட்டாரைசியம், கால் வழியாகப் பார்த்தால் உடல்நீர் பால்போல வெளுத்திருந்தால் பால்நோய். தூக்கி எறியுமுன் எடுத்துவையுங்கள்: ஹெட்டெரோராப்டைட்டிஸ் இண்டிகா என்ற நூற்புழு இனமே 1992இல் கோவையிலிருந்து அறிவிக்கப்பட்டதுதான், இந்த மண்ணிலும் நல்ல வகைகள் இருக்கலாம்.

எப்போது தொடங்குவது

26 பாகையில் படைப்புழுவின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 29 முதல் 34 நாள்: முட்டை 3, புழு 15 முதல் 18, கூட்டுப்புழு 9 அல்லது 10, முட்டையிடும் முன் அந்து 2 அல்லது 3 நாள். முதல் தலைமுறையில் ஒட்டுண்ணியும் நோயும் வெளிப்பட்டுக் கழியும்; இரண்டாவது உணவுக்குப் பழகும்; மூன்றாவதிலிருந்து சோதனைக்கு எடுக்கலாம். தை, மாசியில் விடை வேண்டும் என்றால் வயல் சேகரிப்பு ஆவணியில் முடிந்திருக்க வேண்டும். பங்குனியில் கல்ச்சர் தொடங்குவதாக இருந்தால் முதலில் இன்குபேட்டரை 15 நாள் காலியாக ஓட்டி, வெப்பமானி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் புழு தேடப் போங்கள். வேர்ப்புழுவுக்குத் தொடங்கும் நாளை மழைதான் குறிக்கும். தொட்டி, மண், கப் மூன்றும் சித்திரை பிறக்கும்போதே தயாராக இருக்க வேண்டும்.